எண்ணெய்க் கறைத் திரைக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, படகு, வலை, அலையாத்திச் செடி, கூழைக்கடா என எதையும் விடாமல் அப்பியதைச் சென்னை முழுவதும் பார்த்தது. அந்த எண்ணெயில் இறங்கி நின்றவர்களின் துணிகளைக் கொண்டே வடசென்னைப் பெண்கள் நாங்கள் தைத்த ஒட்டுத்தையல் திரை, அண்மையில் எண்ணூரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதற்குத் தோள்கொடுத்தவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவக் குடும்பங்களுக்கு. மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் ஊற்றிய நாட்களில் உடுத்தியிருந்து, எத்தனை முறை துவைத்தும் கறை போகாததால் மூட்டையாகக் கட்டிவைத்திருந்த கைலிகளையும் சட்டைகளையும், கேட்டவுடன் அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஓர் அக்கா கொடுத்த நீலக் கட்டம் போட்ட கைலியில், எண்ணெய் ஏறி நின்ற மட்டம் முழங்கால் உயரத்தில் கருங்கோடாக அப்படியே படிந்திருக்கிறது. அதில் கத்தரி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கைலியை முழுதாகத் திரையின் நடுவில் வைத்து, அந்தக் கோட்டையே கொசஸ்தலை ஆற்றின் கரையாகக் கொண்டு, மற்றத் துணிகளைச் சுற்றிலும் தைத்தோம். சுத்தம் செய்து முடித்தாயிற்று என்று சொல்பவர்கள் அந்தக் கைலியின் முன் நின்று அதைச் சொல்லட்டும்.

கோயில் தேர்களில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பையைத் தைத்துப் பழகிய பெரியவர் ஒருவர், வெட்டிய துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, நகத்தால் அழுத்தி, நூல் வெளியே தெரியாமல் தைக்கும் முறையை எங்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஐயா, திரையில் கூழைக்கடாவின் கழுத்து அத்தனை நேர்த்தியாக வளைந்திருப்பது உங்களால்தான்.

சிலி நாட்டில் 1973இல் இராணுவ ஆட்சி வந்தபின், காணாமற்போன பிள்ளைகளின் கதையைத் தாய்மார்கள் சாக்குத் துணியில் கந்தல்களை ஒட்டித் தைத்து உலகத்துக்குச் சொன்னதை எடுத்துரைத்து, எங்களைத் துணியச் செய்த பேராசிரியைக்கும், வண்ணாரப்பேட்டைத் தையற்கடைகளில் வெட்டுத்துணி சேகரித்துத் தந்த கல்லூரி மாணவிகளுக்கும் கடமைப்பட்டுள்ளோம். அனல்மின் நிலையச் சாம்பல் மூடிய கழிமுகத்தைக் காட்டும் சாம்பல் நிறத் துணிகள் அந்த மாணவிகள் தேடிக் கொண்டுவந்தவை.

2023 டிசம்பர் 26 இரவு அம்மோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியகுப்பத்துத் தாய்மார்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த இரவை நினைத்துப் பேசுவதே அவர்களுக்கு வலி. ஆயினும், முந்தானையால் மூக்கை மூடிய பெண்களின் வரிசையைத் தாங்களே தைத்துத் தந்தார்கள். இலாபக் கணக்கில் எந்த நிறுவனமும் எழுதாத செலவு அது.

திரையைத் தங்கள் ஊரிலும் வைக்க விரும்பிப் பலர் கேட்டிருக்கிறார்கள், மகிழ்ச்சியுடன் தருவோம். முதலில் அது காட்டுக்குப்பத்தில் வலை பின்னும் கொட்டகைக்குப் போகிறது. அதன்பின் எங்கு போனாலும், எந்த ஆலையின் விளம்பரப் பலகையும் அதனருகில் இருக்கக் கூடாது என்பது ஒன்றே எங்கள் நிபந்தனை.

நன்றியுடன்,
திரை தைத்த பெண்கள்,
வடசென்னை