மூலை இல்லாத பூச்சதுரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் தையல் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஊசி, நூல், பட்டன், ஜிப், லைனிங் துணி, ஜாக்கெட் லேஸ், இதுதான் வியாபாரம். மாலையில் கடை மாடியில் குரோஷா, அதாவது முனையில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூல் பின்னும் வேலை, சொல்லித் தருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெண்கள் இணைப்பில், நடுவில் பூ வைத்த குரோஷா சதுரம் பின்னுவது எப்படி என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். திங்கள் காலையிலிருந்தே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மஞ்சள், வெள்ளை, பச்சை உல்லன் நன்றாகப் போனது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

புதன்கிழமைக்குப் பிறகு அதே ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். கையில் இருந்தது சதுரம் இல்லை. ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு கிண்ணம் மாதிரி குழிந்து போன ஒன்று. "அக்கா, நூல் சரியில்லையோ?" என்று ஒருவர். "எனக்குக் கை வராது போல" என்று இன்னொருவர். நூல் மேல் பழி விழுந்தால் கடைக்காரி பதில் சொல்லிவிடுவேன். பாவம், கை வராது என்று அந்தப் பெண் ஊசியை மூடி வைத்துவிட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

பிழை உங்கள் மூன்றாவது சுற்றில் இருக்கிறது. இரண்டாவது சுற்று வரை எல்லாம் சரி. ஆறு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வளையமாக்கி, அதற்குள் 16 டபுள் (ஊசியில் ஒரு தடவை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையல்). அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இதழ். மூன்று டபுளைப் பாதி பாதியாக நிறுத்தி, கடைசியில் ஒன்றாகச் சேர்த்து முடித்தால் ஓர் இதழ் குமிழாக எழும்பி நிற்கும். இதழுக்கும் இதழுக்கும் நடுவில் மூன்று செயின். ஆக 8 இதழ், 8 இடைவெளி. இங்கே வரைக்கும் பூ அழகாகவே வருகிறது.

மூன்றாவது சுற்றுக்கு நீங்கள் எழுதியிருப்பது, "எல்லா இடைவெளியிலும் மூன்று டபுள் போடவும்." நான்காவது சுற்றில், "நான்கு மூலைகளிலும்…" என்று தொடங்குகிறீர்கள். எந்த நான்கு மூலை? எட்டு இடத்திலும் ஒரே மாதிரி போட்டால் மூலை எங்கிருந்து வரும்? வாசகி அந்த இடத்தில் பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறாள்.

இதில் ஒரு கணக்கு உண்டு. என் வகுப்பில் ஊசி பிடிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். டபுளில் ஒரு தட்டை வட்டம் பின்னினால் சுற்றுக்குச் சுமார் 12 தையல் கூட வேண்டும். 12, 24, 36 என்று போனால்தான் தட்டையாகப் படுக்கும். குறைந்தால் குழியும், கூடினால் ஓரம் பாவாடை ஃபிரில் போல நெளியும். சதுரத்துக்கும் கூட வேண்டியது அதே 12தான். வட்டத்தில் அந்தப் பன்னிரண்டைச் சுற்றிலும் பரப்பி விடுகிறோம். சதுரத்தில் மூலைக்கு மூன்றாக நான்கு இடத்தில் குவித்து விடுகிறோம். வேறு ரகசியம் எதுவும் கிடையாது. உங்கள் மூன்றாவது சுற்றில் எட்டு மூன்று இருபத்து நான்கு. இருக்க வேண்டியது 36. சரியாக ஒரு பன்னிரண்டு காணாமல் போயிருக்கிறது. குழியாமல் என்ன செய்யும்?

சரியான மூன்றாவது சுற்று இது: ஓர் இடைவெளியில் மூன்று டபுள், இரண்டு செயின், மறுபடி மூன்று டபுள்; இது மூலை. அடுத்த இடைவெளியில் வெறும் மூன்று டபுள், இது பக்கம். இப்படியே மூலை, பக்கம், மூலை, பக்கம் என்று மாற்றி மாற்றி எட்டும் முடியும். நான்காவது சுற்றில் மூலையின் இரண்டு செயினுக்குள் மறுபடியும் அதே 3, 2, 3. மூன்று டபுள் சேர்ந்தது ஒரு கொத்து. பக்கத்தில் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் மூன்று மூன்று டபுள். பக்கத்துக்கு இரண்டு கொத்து வரும். அடுத்த சுற்றில் மூன்று கொத்து. எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு சுற்று போகலாம்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தில் எட்டு இதழ், படத்தில் ஆறு இதழ். படத்தில் இருப்பது அடுக்கு ரோஜா. முதல் அடுக்கு இதழுக்குப் பின்னால் செயின் வளையம் போட்டு, அதன் மேல் இரண்டாவது அடுக்கைப் பின்னுவது. அயர்லாந்துக்காரர்கள் 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் குரோஷா லேஸ் பின்னி விற்றுப் பிழைத்தார்கள். அங்கே பேர் பெற்ற பூ அது. மிக அழகான பூ, சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு நான்கால் வகுபடாது. ஆறு இதழை நேராகச் சதுரமாக்க முடியாது. பின்பக்கம் வளையங்களை எட்டாகவோ பன்னிரண்டாகவோ மாற்றிப் போட்டுக்கொண்டுதான் மூலைக்குப் போக வேண்டும். அதைச் சொல்லித் தருவதற்கே தனியாக ஒரு பக்கம் வேண்டும். எங்கிருந்தோ ஒரு படம், எங்கிருந்தோ ஒரு குறிப்பு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. சமையல் குறிப்பில் சாம்பார் என்று எழுதி ரசம் படம் போட்டிருந்தால் அலுவலகத்தில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்ல ஆள் இல்லை போலிருக்கிறது.

இன்னொன்று, ஊசி அளவும் நூல் கனமும் எங்கேயும் இல்லை. என் அப்பா மதுரை ஹார்வி மில்லில், பஞ்சை நூலாக்கும் ஸ்பின்னிங்கில் இருந்தவர். நம்பர் சொல்லாமல் நூலைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. பருத்தி நூலுக்கு நம்பர் ஏற ஏற நூல் மெலியும்; 40ஆம் நம்பர் 20ஐ விட மெல்லிசு. குரோஷா ஊசிக்கு மில்லிமீட்டர் ஏற ஏற ஊசி பருக்கும். சாதாரண உல்லனுக்கு 4 மி.மீ., கனமான காட்டனுக்கு 2.5 அல்லது 3 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். லேஸ் நூலுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி. "குரோஷா ஊசி ஒன்று குடுங்க" என்று மட்டும் கேட்டு வருபவர்களுக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பது?

அப்புறம், இந்த ஊருக்கு உல்லன் எதற்கு என்று எனக்கே ஒரு கேள்வி உண்டு, விற்பது நான்தான் என்றாலும். கடையில் உல்லன் என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அக்னி நட்சத்திரத்தில் அதைக் கையில் பிடித்தாலே பிசுபிசுக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பூ நசுங்கிப் பளபளவென்று ஆகிவிடும். பிறகு அந்த இதழ் எழும்பவே எழும்பாது. காட்டனில் போட்டால் துவைக்கலாம். ஈரமாக இருக்கும்போது நான்கு மூலையையும் குண்டூசி குத்திக் காய விட்டால் சதுரம் கத்தரித்த மாதிரி நிற்கும். சாமி அறைத் திரை, வாசல் தோரணம், குஷன் உறை எல்லாவற்றுக்கும் மதுரை வெயிலில் காட்டன்தான் சரி. மீனாட்சி கோயில் பக்கம் புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன பிறகு எங்கே தேடுவது என்று திகைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட நூல் எங்கள் மாதிரி சின்னக் கடையிலும் கிடைக்கிறது.

இதுவரை சொன்னதைத் திருத்தம் என்று போட்டு முடித்துவிடலாம். என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கட்டுரையின் கடைசி வரி. ஓய்வு நேரத்தில் இதைப் பின்னியே மாதா மாதம் நல்ல வருமானம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

கணக்கு நான் போடுகிறேன். 16 அங்குலக் குஷன் உறை ஒன்று. 4 அங்குலச் சதுரம் என்றால் ஒரு பக்கத்துக்கு 16, இரண்டு பக்கத்துக்கு 32. கை பழகியவர்களுக்கு ஒரு சதுரம், நிறம் மாற்றி, நூல் முனைகளை உள்ளே மறைத்து முடிக்க அரை மணி நேரம். ஆக 16 மணி நேரம். இணைக்கவும் ஓரம் கட்டவும் இன்னும் மூன்று மணி. கடையில் வைத்தால் 450 ரூபாய்க்கு மேல் கொடுக்க யாரும் தயாராக இல்லை. அதையும் "உல்லன்தானே, முந்நூறுக்குக் குடுங்க" என்று கேட்பார்கள். நூலுக்கு 200 கழித்தால் மிச்சம் 250. மணிக்கு 13 ரூபாய் சொச்சம். இதைத்தான் நல்ல வருமானம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆந்திராவில் நரசாபூர் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்ததிலிருந்து பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். வெளிநாட்டுக்கெல்லாம் போகும் சரக்கு. 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து பின்னும் பெண்ணுக்குக் கூலி மிகக் குறைவு என்பது அங்கே பல காலமாகப் பேசப்படும் விஷயம். காரணம் என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அசல் குரோஷாவைப் பின்ன இன்று வரை மிஷின் கிடையாது. நான் மீட்டர் கணக்கில் விற்கும் 'குரோஷா லேஸ்' கூட மிஷினில் குரோஷா மாதிரி தோன்றும்படி செய்ததுதான். அசல் என்றால் ஒவ்வொரு கண்ணியும் ஒருவர் கை இழுத்தது. அதனால் எங்கேயாவது நிஜக் குரோஷா சல்லிசாகக் கிடைத்தால், விலை குறைந்தது நூலில் இல்லை, பின்னியவரின் நேரத்தில். அந்த நேரத்துக்கு 'ஓய்வு நேரம்' என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் காசு கேட்க மாட்டார்கள் அல்லவா?

பின்ன வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் விற்பதற்காக வரவில்லை. பேத்திக்கு ஒரு போர்வை, கொலுவுக்கு ஒரு விரிப்பு, மனசுக்கு ஒரு மாற்றம், இவ்வளவுதான். 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் ஒன்று சேர்ந்து, ஆளுக்கு ஒன்றாகப் பின்னி அனுப்பியதையெல்லாம் இணைத்து, 11,000 சதுர மீட்டருக்கு மேல் ஒரு குரோஷா போர்வை செய்து உலக சாதனை படைத்தார்கள். பிறகு அதைப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் யாரும் சம்பாதிக்கவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. வெவ்வேறு ஊரில் வெவ்வேறு கை பின்னியதை இணைக்க முடிந்தது என்றால், எல்லாருக்கும் ஒரே அளவு சொல்லப்பட்டிருந்தது என்று அர்த்தம். நான் உங்களிடம் கேட்பதும் அதுதான். விற்கத்தான் பின்னுகிறேன் என்பவருக்கு முதலில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குஷன் உறையை விட, சிறியதாக, சீக்கிரம் முடிவதாக, சாவிக்கொத்து, தலையில் குத்தும் பூ, இப்படிப்பட்டவற்றுக்கு மணிக்கூலி கொஞ்சம் தேறும்.

இனி கைவேலைக் குறிப்பு எதுவானாலும், அச்சுக்குப் போகும் முன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் பின்னச் சொல்லுங்கள். அவர் பின்னியதையே படம் எடுத்துப் போடுங்கள், அவர் பெயரோடும் கொடுத்த கூலியோடும். பக்கத்தில், ஒவ்வொரு தையலையும் ஒரு குறியாக வரைந்து காட்டும் குறியீட்டுப் படமும் ஒன்று வேண்டும். எழுத்தில் ஒரு சொல் விடுபட்டாலும் படத்தில் மூலை தெரிந்துவிடும். ஆள் கிடைக்கவில்லை என்றால் வில்லாபுரம் மாடியில் பத்துப் பேர் இருக்கிறோம்.

மேலே எழுதிய மூன்றாவது, நான்காவது சுற்றைத் திருத்தமாக வெளியிடும்போது எண்களை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். 3, 2, 3 என்பது 3, 3, 2 ஆகிவிட்டால் மறுபடியும் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
தையல் பொருள் கடைக்கார வாசகி,
வில்லாபுரம், மதுரை.