மார்கழி முகாமை இரவிலிருந்து திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை நெருங்கினால் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மார்கழிக் குடும்ப முகாம் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. அப்பாரு, அப்பத்தா முதல் பால்குடி மறந்த பிள்ளை வரை குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் கோயில் மண்டபத்தில் தங்கி, விடியலில் திருவெம்பாவை பாடி, கோயில் வேலையில் கைகொடுத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டுத் திரும்புவது நல்ல பழக்கம். அது பெருக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். பல நோட்டீஸ்களில் நிகழ்ச்சி நிரல் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிச் சொற்பொழிவில் முடிகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த நிரலில் 6 மணி நேரம்கூட மிஞ்சாது. இரண்டாம் நாள் மதியம் பிள்ளை காய்ச்சலோடு சுருண்டு படுக்க, தாய் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் வராது.

ஆகவே முகாமை விளக்கணைக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். இரவு 8.30-க்கு விளக்கணைப்பு என்று முதலில் எழுதுங்கள். சாப்பாடு 7 மணிக்கு, மாலை நிகழ்ச்சி 5.30-லிருந்து 6.45 வரை. அந்த நேரத்துக்கு நீண்ட சொற்பொழிவை விட வள்ளி கும்மி பொருத்தமானது. குளிர் ஏறும் நேரத்தில் உடம்பு சூடாகும், வள்ளி கதையும் பிள்ளைகள் மனதில் நிற்கும். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் அவர்களால் இன்று இந்தக் கலையைத் தமிழ்நாடே அறியும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் சொல்லித்தர ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பேச்சு வேண்டுமென்றால் காலை 10 மணிக்கு வெயிலில் உட்கார வைத்துப் பேசுங்கள், அப்போதுதான் காதில் ஏறும்.

காலையில் எல்லோரையும் ஒரே மணியடித்து எழுப்ப வேண்டியதில்லை. விருப்பமுள்ள பெரியவர்களும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களும் 4.30-க்கு எழட்டும். சிறு பிள்ளைகளும் அவர்களோடு ஒரு பெரியவரும் 6 மணிக்கு எழுந்தால் போதும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்க 6.30 தாண்டிவிடும், ஆக அவர்களும் விடியலைக் காணத்தான் போகிறார்கள். திருவெம்பாவை 20 பாட்டையும் ஒரே மூச்சில் பாடினால் முக்கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பாட்டு, பொருளோடு, போதும்.

இந்தப் பனியில் பாட இன்னொரு பதிகமும் இருக்கிறது. சம்பந்தர் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து, உடன் இருந்த அடியார்களை நளிர்சுரம் (குளிர்காய்ச்சல்) பற்றியது என்றும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாட அது நீங்கியது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பாட்டுக்குப் பாட்டு 'திருநீலகண்டம்' என்று முடிவதால், பெரியவர் ஒருவர் பாட, பிள்ளைகள் அந்தச் சொல்லில் சேர்ந்துகொள்ளலாம். கொங்கு நாட்டுப் பனி, கூட்டமாகத் தங்குகிறவர்களை என்ன செய்யும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான்.

இனி படுக்கை. கருங்கல் தளம் உடம்புச் சூட்டை இரவு முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குகிறார்கள் என்றால் கீழே ஒன்றுமில்லை என்று பொருள். முதலில் தார்ப்பாய், அதன்மேல் மடித்த சாக்கு, அதன்மேல் கோரைப்பாய், கடைசியில் பவானி ஜமுக்காளம். இந்த வரிசை மாறக் கூடாது. தார்ப்பாய் மேலே போனால் வேர்வை கோத்துக்கொண்டு விடியலில் ஜமுக்காளமே ஈரமாகிவிடும். வைக்கோல் பரப்புவது கதகதப்புத்தான், ஆனால் அகல் விளக்கு எரியும் மண்டபத்தில் அதை அனுமதிக்கவே கூடாது.

காற்றுக்குக் கட்டும் படுதாவில் அநேகம் பேர் ஒரு தவறு செய்கிறார்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவதால், பழக்கத்தில் படுதாவையும் மேற்குப் பக்கமே கட்டிவிடுகிறார்கள். மார்கழியில் வீசுவது வாடை. வடக்கும் கிழக்கும்தான் மறைக்கப்பட வேண்டும். மறைப்பிலும் உச்சியில் இரண்டடி திறந்திருக்க வேண்டும். நூறு பேர் மூச்சு விடும் இடத்தை முழுக்க அடைத்தால் ஒருவருக்கு இருக்கும் சளி விடிவதற்குள் பத்துப் பேருக்குப் பரவும். குளிருக்கு என்று கரியடுப்பையோ கங்கு நிறைந்த தூபக்காலையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. அந்தப் புகையில் இருக்கும் நச்சுக் காற்றுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழவே மாட்டார்.

சுடுதண்ணிக் கணக்கை யாரும் போடுவதில்லை, அதனால்தான் 4 மணிக்குக் குளியலறை வாசலில் சண்டை வருகிறது. 100 லிட்டர் அண்டாவில் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணி காய்ந்தால், அதோடு இரண்டு பங்கு பச்சைத் தண்ணி கலக்கலாம். ஆக 300 லிட்டர். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் இருபது பேர் தண்ணி வார்த்துக்கொள்ளலாம். நூறு பேர் முகாமில் வயதானவர்களும் பிள்ளைகளும் நாற்பது பேர் இருப்பார்கள் என்று வைத்தால் இரண்டு அண்டா கட்டாயம் வேண்டும். ஒரு அண்டா காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காய்ந்த விறகு ஆறிலிருந்து எட்டுக் கிலோ பிடிக்கும். 4.30-க்குத் தண்ணி வேண்டுமென்றால் 3 மணிக்கு அடுப்புப் பற்ற வேண்டும். தென்னை மட்டை பற்ற வைக்க மட்டும்தான் உதவும், நின்று எரிய வேலா விறகு வேண்டும். விறகை முதல் நாள் மாலையே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். பனியில் நனைந்த விறகு புகையும், தண்ணி காய நேரமும் இழுக்கும். கொதிக்கும் தண்ணியை யாரும் குடத்தில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கக் கூடாது. அண்டா பக்கத்திலேயே கயிறு கட்டி, அங்கேயே கலந்து, வெதுவெதுப்பாகத்தான் வாளி வெளியே போக வேண்டும். சிலர் வீட்டிலிருந்து தண்ணி காய்ச்சும் ஹீட்டர் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஈரத் தளத்தில் எக்ஸ்டென்ஷன் வயரில் அதை மாட்டுவதற்கு எந்த முகாமிலும் இடம் கொடுக்காதீர்கள். கழிப்பறை நூறு பேருக்குக் குறைந்தது ஆறு வேண்டும், அதில் நான்கு பெண்களுக்கு.

சமையலில் குளிர் செய்யும் வேலை வேறு. நூறு பேர் காலை வெண்பொங்கலுக்குப் பச்சரிசி 8 கிலோ, பாசிப்பருப்பு இரண்டரை கிலோ, மிளகு 100 கிராம், சீரகம் 100 கிராம், இஞ்சி கால் கிலோ, நெய் ஒரு கிலோ. அரிசி பருப்பின் அளவுக்கு ஐந்து பங்கு தண்ணி. 6 மணிக்கு இறக்கிய பொங்கல் 7.30 பந்திக்குள் குளிரில் இறுகிக் கட்டியாகிவிடும். சமைத்தவர் நெய் பற்றாது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார், அது ஆறியதும் உறைந்து நாக்கில் ஒட்டும். தனிப் போசியில் நாலு லிட்டர் கொதிநீரை உப்புப் போட்டு வைத்திருந்து, பரிமாறும் முன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினாலே இளகிவிடும். மதியத்துக்கு நம் ஊர் அரிசியும் பருப்புஞ்சாதம் போல முகாமுக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. ஒரே பாத்திரம், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. பூண்டும் சின்ன வெங்காயமும் போடலாமா என்பதை முன்கூட்டியே கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள், மடப்பள்ளியில் சமைப்பதாக இருந்தால் இரண்டும் ஆகாது. இரவுக்குக் கொள்ளு ரசம் ஒரு வாளி இருந்தால் சளி பிடித்தவர்களுக்கு இதமாக இருக்கும்.

விடியலில் சுக்குக் காப்பி. நூறு டம்ளருக்குத் தண்ணி 12 லிட்டர், சுக்கு மல்லிப் பொடி 150 கிராம், கருப்பட்டி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் மண் தங்கும். பால் சேர்த்தால் திரியும், வேண்டாம். டம்ளர் மட்டும் பொதுவில் வைக்காதீர்கள், ஆளுக்கொன்று வீட்டிலிருந்தே பெயர் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகாமில் சளி பரவ பொது டம்ளரும் பொதுத் துண்டும் முக்கியக் காரணம். ஆனால் தலைக்குத் தண்ணி வார்த்ததைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள்.

திருவாதிரை முகாம் நாளில் விழுந்தால் களி கிண்டுவார்கள். வறுத்து உடைத்த அரிசி நொய் முழுக்க வெந்த பிறகுதான் வெல்லப்பாகு சேர வேண்டும். முன்னதாகச் சேர்ந்தால் அப்புறம் எவ்வளவு கிளறினாலும் நொய் வேகாது. வைகுண்ட ஏகாதசி வந்தால் அரிசி தவிர்ப்பவர்களுக்கு வேறு பலகாரம் செய்ய ஆள் ஒதுக்க வேண்டும்.

வயதானவர்களில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் யார் என்று பெயர் எழுதும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பழக்கத்தில் 6 மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, அபிஷேகம் முடியட்டும் என்று 8.30 வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். கை நடுங்கும், வேர்க்கும், சாமி வந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர்கள் கும்பிடுவார்கள். அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். நினைவு தெளிவாக இருந்தால் உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி கொடுங்கள், மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். வீசிங் உள்ள பிள்ளைகளை ஹோமப் புகைக்கும் கற்பூரப் புகைக்கும் எட்ட, காற்று வரும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இன்ஹேலர் தாயின் பையில் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

மலைக்கோயில் முகாம் என்றால் இருட்டில் படியேற்றம் வேண்டாம். சென்னிமலைக்கு 1,320 படி. பனி பட்ட கல்லில் ஈரக்காலோடு இறங்கும்போதுதான் வழுக்குகிறது, ஏறும்போதல்ல. இதய நோய் உள்ளவர்கள் அதிகாலைக் குளிரில் ஏறவே கூடாது, மலைப்பாதையில் வண்டி போகிறது. மருதமலை, பண்ணாரிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை சொல்லும் நேரத்துக்கு முன்னும் பின்னும் வெளியே நடக்காதீர்கள். பவானி கூடுதுறையில் விடியுமுன் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் திறந்து வைப்பது வழக்கம். மார்கழியில் தண்ணீர் கூடும், குறையும். நேற்று முழங்கால் அளவு நின்ற படியில் இன்று இடுப்பளவு நிற்கலாம்.

நாள் குறிக்கும்போது இன்னொன்று. மகரவிளக்கு வரை சபரிமலை வண்டிகள் வழியிலுள்ள பெரிய கோயில்களில் தங்கிப் போகும், சனி ஞாயிறுகளில் கழிப்பறை அவர்களுக்கே போதாது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் காங்கேயம், தாராபுரம் வழி மண்டபங்கள் பழனிப் பாதயாத்திரைக்காரர்களுக்கு உரியவை, அவற்றைக் கேட்கவே கூடாது. அரையாண்டு விடுமுறையின் வாரநாட்கள்தான் தோதானவை. பெரிய தலத்தை விடச் சொந்தக் குலதெய்வக் கோயில் மண்டபமே நூறு பேருக்குள்ளான முகாமுக்கு நல்லது. சமையல் கட்டு, கிணறு, தெரிந்த பூசாரி என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் வாடகை ரசீதோடு ஒரு தாளும் கொடுங்கள். எத்தனை பேர் படுக்கலாம், கழிப்பறை எத்தனை, அடுப்பு எங்கே மூட்டலாம், வெங்காயம் பூண்டு உண்டா, நடை எத்தனை மணிக்குத் திறக்கும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று அதில் இருக்கட்டும். சுடுதண்ணி காய்ச்ச மழை, பனி படாத ஒரு தகரக் கொட்டகையும், பெண்கள் குளியலறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் போட்டுக் கொடுத்தால் வருகிற மார்கழிக்கே பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கோயில் முகாம்களில் சமையலும் தங்கல் ஏற்பாடும் பார்க்கும் தொண்டர்கள்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.