தம்பி, கவுன்சிலிங்குக்குப் போ

தம்பி,

போன்ல சொன்னா "சரியம்மா, சரியம்மா" எண்டு வெட்டிப்போடுவாய், அதால இதை எழுதியே அனுப்புறன், வேலை முடிஞ்சு வந்து ஆறுதலா வாசி.

நெஞ்சு படபடக்குது, விடியப்புறம் ரெண்டு மணிக்கே முழிப்பு வருது, மனேஜரின்ர ஈமெயிலைத் திறக்கக் கை வருதில்ல எண்டாய். ஈசிஜியும் பிளட் ரிப்போர்ட்டும் நோர்மல் எண்டபடியா எல்லாம் உன்ர கற்பனை எண்டு நினைக்காத. பயம் வந்தா உடம்பில அட்ரினலின், கோர்ட்டிசோல் எண்ட ஹோர்மோனுகள் ஏறும், இதயம் வேகமா அடிக்கும், வயிறு பிரட்டும், ஆபத்தில இருந்து தப்ப உடம்பு செய்யிற வேலை அது. ஆபத்து போனா அடங்கும். உனக்கு அந்த வேலைப் பயம் நாள் முழுக்க மண்டைக்குள்ள ஓடுறபடியா அடங்க நேரமே இல்ல. இது விசர் இல்ல ராசா.

2004 சுனாமிக்குப் பிறகு நான் மிட்வைஃபா முகாமுகளுக்குப் போகேக்க "மனசு சரியில்ல" எண்டு சொல்லி வந்த ஆக்கள் குறைவு. தலையிடி, நாரி நோ, கைகால் உளைவு, நித்திரையில்ல எண்டுதான் வருவினம், பனடோல் குடுத்தாலும் மாறாது. உப்புவெளிப் பக்கம் ஒரு பிள்ளை, கடல் இரைச்சல் கேட்டாலே நடுங்கும். உளவளத்துணை செய்ய வந்தவ அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகேல்ல. முதல்ல றோட்டில நிண்டு இரைச்சலை மட்டும் கேக்கிறது, பயம் தானா இறங்குமட்டும் அங்கேயே நிக்கிறது, அது பழகினாப் பிறகுதான் மணலடி, கனநாள் கழிச்சுத்தான் தண்ணிக்குள்ள கால். விலக விலகப் பயம் வளரும் தம்பி. நீயும் ஈமெயிலை மூடி வைச்சா அந்த நிமிசம் சுகமாத்தான் இருக்கும், அடுத்த நாள் திறக்கிறது இன்னும் பாரமா இருக்கும். லேசான ஆளின்ர ஈமெயிலில இருந்து தொடங்கு.

உன்ர ஜிபி, அதான் அங்கத்தைய குடும்ப வைத்தியர், சொன்ன சிபிடி எண்டது நினைப்பையும் பழக்கத்தையும் கதைச்சு மாத்துற ஒரு சிகிச்சை, ஆரோன் பெக் எண்ட அமெரிக்க வைத்தியர் 1960களில தொடங்கினது. நினைப்பு, உணர்ச்சி, உடம்பு, செய்கை நாலும் ஒண்டை ஒண்டு இழுக்கும் எண்டுதான் அதில பாக்கிறது. மனேஜர் "நாளைக்குக் கதைக்கவேணும்" எண்டு ஒரு வரி போட்டா, உனக்கு உடன "வேலையால நிப்பாட்டப் போறான்" எண்டு ஓடும். அதைத் தாளில எழுதி, இதுக்கு என்ன ஆதாரம், வேற என்னவா இருக்கலாம் எண்டு தெரப்பிஸ்ட்டோட இருந்து பாப்பாய். எல்லாம் நல்லா நடக்கும் எண்டு நம்பச் சொல்லுறதில்ல, உண்மையில என்ன இருக்கு எண்டு பாக்கச் சொல்லுறது, எனக்கு அதில பிடிச்சதே அதுதான். சாதாரணமா 6 இல இருந்து 20 தடவை வரைக்கும் போகவேணும், இடையில வீட்டில செய்யவும் வேலை தருவினம்.

நித்திரை வராட்டிப் படுக்கையில உருண்டு பிரண்டு கிடக்காத, எழும்பி மங்கின வெளிச்சத்தில இருந்திட்டு நித்திரை தூக்கினாப் பிறகு போய்ப் படு. நெஞ்சு படபடக்கேக்க மூச்சை உள்ள இழுக்கிற நேரத்தை விட வெளியில விடுற நேரத்தை நீட்டு. பியர் குடிச்சா நித்திரை வரும், ஆனா பாதி இரவில அதுவே எழுப்பிவிடும். சனிக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போறதை விட்டிட்டாய் எண்டது எனக்குப் பெரிய கவலை, மனம் வந்தாப் பிறகு போவம் எண்டு காத்திருக்காத, போனாத்தான் மனம் வரும்.

நீ இருக்கிற இங்கிலாந்தில, அரசாங்க வைத்திய சேவையான என்எச்எஸ்ஸின்ர டோக்கிங் தெரப்பிக்கு, அதான் சிபிடி மாதிரிக் கதைச்சுச் செய்யிற சிகிச்சைக்கு, ஜிபியின்ர கடிதம் கூடத் தேவையில்ல, நீயே ஒன்லைன்ல பதியலாம், காசும் இல்ல. வெயிட்டிங் இருக்கும், அதால இப்பவே பதி. ஊருக்குத் தெரிஞ்சா கலியாணப் பேச்சுக் குழம்பும் எண்டு பயப்பிடுறாய் போல, அவை வெளியில சொல்லமாட்டினம், உயிருக்கு ஆபத்து எண்டாத்தான் மற்றவைக்குச் சொல்லுவினம். வாற பொம்பிளைக்கு இது விளங்காட்டி அந்தச் சம்பந்தமே வேண்டாம்.

இன்னொண்டையும் நேராவே கேக்கிறன். இருந்து என்ன பிரயோசனம் எண்ட மாதிரி நினைப்பு வருதா? வந்தா ஒளிக்காத, எந்தச் சாமத்திலயும் எனக்கு எடு, இல்லாட்டி அங்க 116 123 க்கு எடு, அது சமாரிட்டன்ஸ் எண்ட உதவி அமைப்பின்ர நம்பர், 24 மணித்தியாலமும் கதைக்க ஆக்கள் இருப்பினம். இஞ்ச இலங்கையில இருக்கிற ஆக்களுக்கு 1926 எண்ட மனநல உதவி நம்பர் இருக்கிற மாதிரி.

கோணேசருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன், அதை நான் பாக்கிறன், நீ போய்ப் பதி. அப்பாவுக்கு நான் சொல்லட்டா, நீயே சொல்லப்போறியா எண்டு எழுது, நீ சொல்லுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன்.

அம்மா
திருகோணமலை