காய்க்காத பட்டர் ஃப்ரூட் மரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டர் ஃப்ரூட்டுக்கு நல்ல விலை கிடைப்பதால் எங்கள் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் ஆளாளுக்குக் கன்று வாங்கி காபித் தோட்டத்துக்குள் நடுகிறார்கள். சில வருடம் கழித்து மரம் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காய் மட்டும் நிற்பதில்லை. உடனே "இது ஆண் மரம்ப்பா" என்று யாராவது சொல்ல, கோடாலியைத் தூக்கிவிடுகிறார்கள். நன்றாக வளர்ந்த ஒரு மரம் அப்படி வெட்டுப்பட்டுக் கிடந்ததைச் சமீபத்தில் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

பட்டர் ஃப்ரூட்டில் ஆண் மரம், பெண் மரம் என்றே கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரண்டும் உண்டு, ஆனால் ஒரே பூ இரண்டு நாளில் இரண்டு தடவை விரியும். முதல் தடவை நடுவில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் பாகத்தின் நுனி, வெள்ளையாகத் தயாராக நிற்கும், ஆண் பாகமான மகரந்தத் தாள்கள் விலகிப் படுத்துக் கிடக்கும். பிறகு பூ மூடிக்கொள்ளும். மறுநாள் விரியும்போது தாள்கள் நிமிர்ந்து மகரந்தத்தை விடும், ஆனால் அதற்குள் சூல்முடியின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். பூ விரியும் நேரத்தை வைத்து ரகங்களை 'ஏ', 'பி' என்று இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஹாஸ் என்ற ரகம் மாதிரி 'ஏ' வகை மரங்கள் காலையில் பெண்ணாகவும் மறுநாள் மதியத்துக்கு மேல் ஆணாகவும் விரியும். ஃபூர்ட்டே ரகம் மாதிரி 'பி' வகை மதியத்துக்கு மேல் பெண், மறுநாள் காலையில் ஆண். ஒரு மரத்துப் பூக்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் விரிவதால் ஒரே வகையை எத்தனை வரிசை நட்டாலும் பெரிய பயன் இல்லை, இரண்டு வகையும் பக்கம் பக்கமாக இருந்தால் தேனீ மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

"என் மரம் தனியாகத்தானே நிற்குது, காய்க்குதே" என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். குளிரும் மேகமூட்டமும் இருந்தால் இந்த நேரக்கணக்கு தள்ளிப்போய், இரண்டு நிலைப் பூக்களும் ஒரே மரத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்து இருக்கும். தன் மகரந்தமே நேரத்துக்குக் கிடைத்துவிட்டால் பட்டர் ஃப்ரூட் அதை ஏற்றுக்கொள்ளும். மேலே கொடைக்கானலில் இருக்கிற பேரிக்காய் அப்படி இல்லை, பெரும்பாலான ரகங்களில் தன் மகரந்தம் முளைத்துக் கீழே இறங்கினாலும் சூல்முடிக்குக் கீழே உள்ள சூல்தண்டிலேயே நிறுத்திவிடும். ரொபஸ்டா காபியும் தன் மகரந்தத்தை ஏற்காது, அராபிகா ஏற்கும்.

இவ்வளவு விஷயம் இருக்க, கன்று விற்கிற இடத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒட்டுக்கன்று என்றால் ரகம் தெரியும், ரகம் தெரிந்தால் வகையும் தெரியும், ஒரு சீட்டில் எழுதிக் கட்டினால் என்ன குறைந்துவிடும்? தோட்டக்கலைத் துறை கன்று கொடுக்கும்போதும் இரண்டு வகையையும் கலந்தே கொடுக்க வேண்டும்.

விதையில் வந்த மரமாக இருந்தால், பூக்கிற சமயம் வெயிலடிக்கும் நாளில் காலை பத்து மணி வாக்கில் ஒரு கொத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தாள்கள் படுத்திருந்தால் அது 'ஏ', நிமிர்ந்து மகரந்தம் விட்டால் 'பி'. அப்புறம் அதே மரத்தில் ஒரு கிளையில் மற்ற வகையை ஒட்டுக் கட்டலாம். பூக்கும்போது தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், தேனீ வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டக்காரர்,
பண்ணைக்காடு, கீழ்ப்பழனி மலை