ரிங் பதிவேட்டை அடுத்த ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தில் 40 கி.மீ.க்கு மேல் நிலத்தடிப் பாதை. முதல் கட்டத்தில் கற்ற பாடங்கள் இதில் கடைப்பிடிக்கப்படுகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பாடம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. கடைசியில் தொகுக்கும் அறிக்கையில் அது இருக்காது. சுரங்கச் சுவராக அமையும் கான்கிரீட் வளையமான ரிங் ஒவ்வொன்றையும் பொருத்தும்போது ஷிப்ட் பொறியாளர் எழுதும் பதிவேட்டில்தான் இருக்கும்.

முதல் கட்டச் சுரங்கப் பணியின்போது, 2017 ஏப்ரல் 9 அன்று ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே அண்ணா சாலை உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின. சென்னையில் பல இடங்களில் அடியில் பாறை, அதன்மேல் மணலும் களிமண்ணும். இயந்திரம் வெட்டும் முன்பக்கமான வெட்டுமுகத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால், பாறையை அறுக்கச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் மெல்லத்தான் நகரும். முன்னால் சுழலும் வெட்டுச் சக்கரமான கட்டர் ஹெட் சுற்றச் சுற்ற மேல்பாதி மண் மட்டும் உதிர்ந்து வந்துகொண்டே இருக்கும். அப்படி உண்டாகும் வெற்றிடம் மேலே ஏறித் தார்ச்சாலைக்கு அடியில் நிற்கும். இயந்திரம் கடந்துபோய்ப் பல நாள் கழித்தும் சாலை இறங்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. 6.6 மீட்டர் விட்டத்தில் வெட்டி 1.4 மீட்டர் அகல ரிங் போட்டால், ஒரு ரிங்குக்கு வெளிவர வேண்டிய மண் சுமார் 48 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 96 டன். 5 சதவீதம் கூடினால் 2.4 கன மீட்டர். பத்து ரிங்கில் 24 கன மீட்டர் வெற்றிடம். தோண்டும்போது மண்ணை இளக்கச் சேர்க்கும் நுரையால் அது உப்பிவிடுவதால் வண்டிக் கணக்கை நம்ப முடியாது, எடைதான் பேசும். ரிங்கின் வெளிவிட்டம் 6.35 மீட்டர் என்றால் அதைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்ப 3.6 கன மீட்டர் கிரவுட் (இடைவெளியில் செலுத்தும் சிமென்ட் கலவை) வேண்டும். அதைவிடக் குறைவாக ஏறியிருந்தால் எங்கோ நிரம்பவில்லை. அளவுக்கு மீறி ஏறினால் பக்கத்தில் ஏற்கெனவே குழி இருக்கலாம். எடை, கிரவுட், வெட்டுமுகம் சரியாமல் தாங்க இயந்திரம் தரும் முகப்பு அழுத்தம் மூன்றையும் அதே ஷிப்டில் ஒப்பிட்டு, பொருந்தாத இடத்தில் சாலையில் துளையிட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் கூட்டத்தில் பார்ப்பது தாமதம்.

கைவிடப்பட்ட கிணறும் போர்வெல்லும் இன்னொரு தொல்லை. முகப்பு அழுத்தம் அதன் வழியே வெளியேறும். யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் நுரைச்சேறு பொங்கும். அழுத்தம் சட்டென்று விழும். போர்வெல்லின் இரும்பு கேசிங் பைப், மண்ணை வெளியே இழுக்கும் ஸ்க்ரூ கன்வேயரில் சிக்கினால் வேலையே நிற்கும். மாநகராட்சி ஏட்டில் இவற்றில் பல இருக்காது. தடத்தின் இருபுறமும் வீடு வீடாகப் போய் அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு, இயந்திரம் வரும் முன்பே சிமென்டும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த கலவையை ஊற்றி அடைக்க வேண்டும். ஒருமுறை இப்படித் தயாரித்த கிணற்று வரைபடம் அடுத்த பணிக்கும் உதவும். அதைப் பூட்டி வைப்பது பெரும் வீண்.

கொல்கத்தா பவ்பஜாரில் மெட்ரோ சுரங்கப் பணியில் நடந்ததை நினைத்தால் எங்களுக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 31 அன்று இயந்திரம் நீர்த்தாங்கு படுகையில் மோதி வீடுகள் இடிந்தன. 2022 மே மாதம் ஷாஃப்ட் எனும் செங்குத்துக் குழி வேலையின்போதும், அதே ஆண்டு அக்டோபரில் குறுக்குவழி வேலையின்போதும் அங்கே மீண்டும் நீர் புகுந்து வீடுகளில் விரிசல் விழுந்தது. ஒரே மண்ணில் மூன்று முறை. இயந்திரத்துக்கு ஷீல்டு எனும் இரும்பு உறையின் காப்பு உண்டு. இரு சுரங்கங்களை இணைக்கும் குறுக்குவழியில் ரிங்கை அறுத்துத் திறந்த மண்ணில்தான் இறங்குகிறோம். வேலை சிறியது என்பதால் கவனமும் குறைந்துவிடுகிறது. வால்வு பொருத்திய குழாய் வழியாகச் சோதனைத் துளை போட்டு, நீர்வரத்தை அளந்து, நிர்ணயித்த அளவுக்குக் கீழே வரும்வரை திரும்பத் திரும்பக் கிரவுட் செய்யாமல் ரிங்கின் துண்டான ஒரு செக்மெண்டைக்கூட அறுக்கக் கூடாது.

லண்டனில் 42 கி.மீ. சுரங்கம் தோண்டிய கிராஸ்ரெயில் ரயில் திட்டம், தன் தொழில்நுட்ப அனுபவங்களை 2016 முதல் இணையத்தில் யாரும் படிக்கும்படி வெளியிட்டது. அடுத்து வந்த திட்டங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. முதல் கட்டத்தின் ரிங் பதிவேடுகளையும் கிணற்று வரைபடங்களையும், இரண்டாம் கட்டத்தில் முடிந்த பகுதிகளின் பதிவுகளையும், மீதமுள்ள ஒவ்வொரு சுரங்க ஒப்பந்தத்துடனும் இணைப்பாகக் கொடுக்க வேண்டும். மண் எடை வரம்பு மீறினால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் ஷிப்ட் பொறியாளருக்கே உண்டு என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நிலத்தடிப் பணிப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.