வலை பிரிக்கத் தெரியாத அக்காவுக்கு

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், அக்கரைப்பேட்டை ஆட்கள் நாங்கள் நாகப்பட்டினத்தில் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்தோம். அரிசி வந்தது, பாய் வந்தது. பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது, எடுப்பாரில்லை. தம்பியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆட்களிடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தீர்கள், அக்கா. படிவம் எதுவும் நீட்டவில்லை. தினமும் சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கரையில் கிடைத்த வலையைச் சிக்கெடுத்தீர்கள், தப்பும் தவறுமாக. ஆறாவது நாள் அம்மா அதைப் பிடுங்கி, "இப்படியா பிரிப்பாங்க?" என்றார். அப்புறம் தம்பி பெயரைச் சொல்லி அழுதார்.

பேரிடரில் மனநல உதவிக்கென்று உலக அமைப்புகள் ஒன்றுசேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டது 2007-ல்தான். அதற்கு முன்னாடியே நீங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்கள்.

நன்றி அக்கா. பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. "அந்தப் பொண்ணு வலை பிரிக்கக் கத்துக்கிச்சா?" என்று அம்மா இன்னும் கேட்கிறார்.