சோடா திருவிழாவில் சேவைக் குறைபாடு: டிக்கெட் பணத்தையும் சோடாக்காரர்களின் நஷ்டத்தையும் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சோடா திருவிழா ஏற்பாட்டு நிறுவனம்,
சென்னை.

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலை மைதானத்தில் நடந்த நாட்டு சோடா திருவிழா தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்திய நாட்டு சோடா திருவிழாவுக்கு நான் நான்கு டிக்கெட் வாங்கினேன். ஆளுக்கு 499 ரூபாய், மொத்தம் 1,996 ரூபாய். அன்று இரவே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் புகார் அனுப்பினேன். "விதிமுறைகளின்படி டிக்கெட் பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் எழுதியதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அதனால் இந்த முறை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். "பெங்களூரு கிராஃப்ட் பியர் திருவிழா பாணியில், மது இல்லாமல், குடும்பத்தோடு" என்று போட்டிருந்தீர்கள். கிராஃப்ட் பியர் என்பது சின்ன ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் பியர். தமிழ்நாட்டுச் சின்ன சோடா கம்பெனிகள் எல்லாம் ஒரே இடத்தில், 20 வகை சோடாவை ருசி பார்க்கலாம் என்றீர்கள். என் அப்பா சாத்தூர் பக்கம் சோடா கம்பெனி வைத்திருந்தவர். அந்த இயந்திரத்தின் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். தம்பி இப்போது பெங்களூருவில் ஒரு மைக்ரோ பிரூவரியில், அதாவது சின்ன பியர் ஆலையில், வேலை செய்கிறான். உங்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் அம்மா, தம்பி, என் மகள் எல்லோருமாகக் கிளம்பினோம். நம்பித்தான் வந்தோம்.

மூன்று மணிக்குக் கதவு திறக்கும் என்றிருந்தது. திறந்தது நாலேகாலுக்கு. அந்த நேரம் முழுக்க வெட்டவெளியில், சித்திரை வெயிலில் வரிசை. ஒரு துணிப்பந்தல்கூட இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால், உள்ளே போனால் பாட்டில் 60 ரூபாய் என்றார் வாசலில் நின்றவர். பானத் திருவிழாவுக்கு வந்தவர்கள் தாகத்தோடு வெளியே நின்றார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் உட்பட. பியர் திருவிழாக்களில் மதியத்துக்கு இத்தனை பேர், மாலைக்கு இத்தனை பேர் என்று நேரம் பிரித்து, எண்ணிக்கை வைத்து டிக்கெட் விற்பார்கள் என்று தம்பி சொன்னான். நீங்கள் எல்லா டிக்கெட்டையும் ஒரே நேரத்துக்கு விற்றிருக்கிறீர்கள்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை என்று வைத்துக்கொள்ளலாம். என் உண்மையான புகார் உள்ளே நடந்ததைப் பற்றியது.

நுழைந்ததும் நேர் எதிரே, மைதானத்தின் நடு இடத்தில், ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனியின் கூடாரம் இருந்தது. மின்சார இணைப்போடு வரிசையாகக் குளிர்பெட்டிகள். யாருக்காகத் திருவிழா என்று விளம்பரம் செய்தீர்களோ, அந்தச் சின்ன சோடாக்காரர்களுக்குக் கிடைத்தது கடைசி ஓரம், கழிப்பறைகளுக்குப் பக்கத்தில். அங்கே மின் இணைப்பு கிடையாது. மேஜைக்கு ஒரு ஐஸ் பெட்டி. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் போன்ற கம்பெனிகள் வளர்ந்த மண் இது. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டு கோலாக்களை விற்கமாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, எத்தனையோ பேரின் கவனம் மறுபடி கோலி சோடா பக்கமும் பன்னீர் சோடா பக்கமும் திரும்பியது. அந்த ஆர்வத்தை வைத்துத்தான் நீங்கள் டிக்கெட் விற்றீர்கள். பணம் வந்ததும் நடு இடம் விளம்பரம் தந்தவருக்குப் போய்விட்டது.

அந்த ஓரத்தில் விருதுநகர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இஞ்சி சோடாவும் பன்னீர் சோடாவும் வைத்திருந்தார். பச்சைக் கண்ணாடி பாட்டில்கள், மரப்பெட்டியில். ஒன்றை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்து, கட்டையால் கோலியை அழுத்தினார். அந்த ஓசை சரியாகத்தான் வந்தது. ஆனால் அடுத்த நொடி பாட்டிலில் பாதி நுரையாகப் பொங்கி அவர் முழங்கை வரை வழிந்தது. கப்பில் வந்து சேர்ந்தது வெதுவெதுப்பான இனிப்புத் தண்ணீர். இன்னொன்றைத் திறந்தார், அதுவும் அப்படியே. "ராத்திரி பூரா வண்டியில குலுங்கி வந்த சரக்கு தாயி. இறக்கினதுல இருந்து வெயில்லயே கெடக்கு. ஐஸு தாரோம்னாங்க, ஒரு பெட்டிதான் வந்துச்சு" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன், "இதுக்கா 499?" என்று சத்தமாகக் கேட்டான். பெரியவர் காதில் அது விழுந்தது. அவர் பதில் சொல்லவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் இருந்தது மோசமான சோடா, அது நிஜம். ஆனால் அதை மோசமாக்கியது நீங்கள். சோடா என்பதே தண்ணீருக்குள் அழுத்தி அடைத்த கரியமில வாயு. தண்ணீர் சூடேறச் சூடேற அந்த வாயு உள்ளே நிற்காது. 10 டிகிரியில் தண்ணீர் பிடித்து வைக்கும் வாயுவில் பாதிக்குச் சற்று மேல்தான் 30 டிகிரியில் நிற்கும். சென்னைக் கோடையில் வெயிலில் கிடந்த பாட்டில் 30-ஐயும் தாண்டியிருக்கும். அதோடு, வண்டியில் குலுங்கிய சரக்கை ஆடாமல் வைத்து, குளிரவிட்டு, அப்புறம்தான் திறக்க வேண்டும். பியர் திருவிழாவுக்கு வரும் பீப்பாய்களை முந்தின நாளே இறக்கி, குளிர் அறையில் அசையாமல் வைத்துவிடுவார்கள். அடுத்த நாள் அவை மூன்று நான்கு டிகிரியில் இருந்தால்தான் குழாயைத் திறப்பார்கள். தம்பியின் தினசரி வேலையே அதுதான். உங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குளிர்பதன லாரி, ஒரு இரவு வாடகைக்கு. அதைச் செய்திருந்தால் அந்தப் பெரியவர் தலைநிமிர்ந்து விற்றிருப்பார்.

அடுத்து, ஊற்றிக் கொடுத்த அளவு. டிக்கெட்டோடு தந்த டோக்கன் ஒன்றுக்கு 200 மில்லி கப் நிறைய. நீங்கள் வாக்களித்த 20 வகையையும் ஒருவர் குடித்தால் நான்கு லிட்டர். 100 மில்லிக்குப் பத்து கிராம் சர்க்கரை என்று வைத்தால்கூட நானூறு கிராம் சர்க்கரை. எந்த மனிதர் குடிப்பார்? நாலாவது கப்பிலேயே என் மகளுக்கு வயிறு நிரம்பிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்த்தால் அவருக்குப் போதும். "கொஞ்சமாக ஊற்றுங்கள், மீதியை இன்னொரு வகையில் கொடுங்கள்" என்று கேட்டால், செயலியில் ஒரு டோக்கனுக்கு ஒரு கப்தான் என்று உங்கள் பணியாளர் மறுத்துவிட்டார். அமெரிக்காவில் 1982-இல் போல்டர் நகரில் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பியர் ஃபெஸ்டிவலில் ஒரு முறை ஊற்றுவது ஒரு அவுன்ஸ், சுமார் 30 மில்லி. ருசி பார்க்கும் திருவிழா என்றால் அளவு அப்படித்தான் இருக்க முடியும். முப்பது மில்லியாக ஊற்றியிருந்தால் 20 வகைக்கும் அறுநூறு மில்லிதான் ஆகும். அம்மாவும் நிம்மதியாகச் சுற்றியிருப்பார், சோடாக்காரர்களின் சரக்கும் ஐந்து மணிக்கே தீர்ந்திருக்காது.

ஆமாம், ஐந்து மணிக்கே பாதி மேஜைகள் காலி. எங்கள் நான்கு டிக்கெட்டிலும் பாதிக்கு மேல் டோக்கன்கள் மீதம். அவற்றுக்குப் பணம் கிடையாதாம்.

கப்பை அலசத் தண்ணீர் வைக்க வேண்டும் என்றும் உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பன்னீர் வாசனை ஒட்டிய கப்பில் இஞ்சி சோடா ஊற்றினால் இரண்டுமே கெட்டுவிடும். புதுக் கப் கேட்டவர்களுக்குப் பிளாஸ்டிக் கப்பை அள்ளிக் கொடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. திருவிழா நடத்தும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. இங்கிலாந்தின் பல பியர் திருவிழாக்களில் அளவுக்கோடு போட்ட கண்ணாடி டம்ளரை முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். கண்ணாடி இல்லாவிட்டால் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கலாம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

பாட்டில்களுக்கு நடந்தது இதைவிட மோசம். கோலி சோடா பாட்டில் 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் உருவாக்கிய அமைப்பு. நிரப்பும்போது பாட்டில் தலைகீழாக இருக்கும். உள்ளே ஏறும் வாயுவே கோலியைத் தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் அடைத்துவிடும். மூடி தேவையில்லை, கழுவிக் கழுவித் திரும்ப நிரப்பலாம். அதனால் சோடாக்காரருக்கு உள்ளே இருக்கும் சோடாவைவிடப் பாட்டில்தான் முதலீடு. எங்கள் அப்பா கடைகளிலிருந்து திரும்பிவரும் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிய பிறகுதான் புதுச் சரக்கு இறக்குவார். உங்கள் மைதானத்தில் பாட்டில்களை யாரும் திரும்ப வாங்கவில்லை. மேடைக்கு அருகே, பாட்டு அதிர்ந்த இடத்தில், கோலி எடுப்பதற்காகப் பிள்ளைகள் பாட்டிலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே செருப்பில்லாத குழந்தைகள் ஓடின. உங்கள் பாதுகாவலர் இருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நானும் தம்பியும் முடிந்த அளவு பாட்டில்களைப் பொறுக்கி அந்தப் பெரியவரிடம் சேர்த்தோம். அவர் கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றுகூட முழுதாக நிரம்பவில்லை. உடைந்ததற்கு உங்கள் நிறுவனம் ஏதாவது தருமா என்று கேட்டேன். அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசவே இல்லையாம்.

கழிப்பறைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பானம் குடிக்கவென்றே கூட்டிய கூட்டத்துக்குப் பெண்களுக்கான கழிப்பறை நான்கு, தண்ணீர் வந்தது ஒன்றில். இது ஒன்றே போதும், திட்டமிடும் மேஜையில் ஒரு பெண்ணாவது இருந்தாரா என்று கேட்பதற்கு. பாட்டுச் சத்தத்தையும் சொல்ல வேண்டும். இந்த இஞ்சி எங்கிருந்து வருகிறது, நன்னாரி வேரை எப்படி ஊறவைக்கிறீர்கள் என்று தயாரிப்பவரிடமே கேட்பதற்குத்தான் இப்படிப்பட்ட திருவிழாவுக்கு ஒருவர் வருகிறார். அந்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவே பக்கத்தில் நின்ற அம்மா பேசுவதே எனக்குக் கேட்கவில்லை.

என் கோரிக்கைகள் இவை. நான்கு டிக்கெட்டுக்கான 1,996 ரூபாயை நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு சோடாக்காரரிடமும் எத்தனை பாட்டில் கொண்டுவந்தார், எத்தனை திரும்பிப் போனது என்று கேட்டு, குறைந்ததற்கு உரிய விலையைக் கொடுங்கள். கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டிக்கெட் வாங்கி வந்த எல்லோருக்கும் ஒரு விளக்கம் அனுப்பி, சோடா வாயு போயிருந்ததற்குக் காரணம் உங்கள் குளிரூட்டும் ஏற்பாட்டுக் குறைதான், தயாரித்தவர்களின் குறை இல்லை என்று அதில் சொல்லுங்கள். இந்த மூன்றாவது கோரிக்கையை நான் எக்காரணம் கொண்டும் விடப்போவதில்லை. அன்று ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவர்கள் பெயர் கெட்டது. அதைச் சரிசெய்ய உங்களால் மட்டும்தான் முடியும், ஏனென்றால் வந்தவர்களின் கைபேசி எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன.

அடுத்த ஆண்டும் நடத்தப்போவதாக மேடையில் அறிவித்தீர்கள். நடத்துங்கள். நடத்த வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். சின்ன சோடாக்காரர்களுக்கு நடு இடமும் மின் இணைப்பும் முதலில் கொடுங்கள். கோடையை விட்டுவிட்டு மார்கழி, தை மாதத்தில் வையுங்கள். பாட்டிலுக்கு முன்பணம் வாங்குங்கள். இடம் ஒதுக்கும் முன் அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டு அடிப்படைகளிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் பகுதியின் ஆணையத்திலேயே தொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சிட்டுவிட்டால் பொறுப்பு முடிந்துவிட்டது என்று ஆணையம் ஏற்றுக்கொள்ளாது என நம்புகிறேன்.

டிக்கெட் நகல்கள், பணம் செலுத்திய ரசீது, உங்கள் விளம்பரத்தின் படம், உடைந்த பாட்டில்களையும் பிளாஸ்டிக் கப்புகளையும் எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்கு டிக்கெட் வாங்கிய வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.